அந்த ஆளுக்கு என்ன பேர்?

மசேரு
பிப்ரவரி 16

அன்புள்ள போகோ மாமாவுக்கு,

நான் இங்கே உயிரோடு இருக்கிறேன். நீங்கள் அங்கே எப்படி உயிரோடு இருக்கிறீர்கள்? முழங்கால் வலி தேவலையா? பீச் பழத்தை இந்த வருஷமாவது மனிதர்கள் சாப்பிட்டார்களா, இல்லை ஆடுகளே முடித்துவிட்டனவா?

ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் இருக்கிறது மாமா. நல்லது, நான் மறுபடியும் மாசமாக இருக்கிறேன். செப்டம்பரில், குளிர் விடும்போது பிறக்கும் என்று நர்ஸ் சொன்னாள். கெட்டது, என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

ஜனவரியில் ஒரு காலை, ஜிப் தைத்துக்கொண்டிருக்கும்போதே ரத்தம் பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக கேட் பாஸ் கேட்டேன். எங்கள் லைன் சூப்பர்வைசர் தரவில்லை. சாப்பாட்டு மணி அடித்த பிறகும் கேட்டேன். அப்போதும் தரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு நானே எழுந்து போய்விட்டேன். நர்ஸ் படுக்க வைத்து மருந்து கொடுத்தாள். பிள்ளை தங்கிவிட்டது. மறுநாள் கேட்டில் உள்ளே விடவில்லை. மெஷினை விட்டு ஓடியவளுக்கு வேலை கிடையாதாம்.

என் வீட்டுக்காரர் பொகாங், சுரங்கத்திலிருந்து அனுப்பும் பணம் அவர் அப்பா அம்மாவுக்கே சரியாகிவிடும் என்று உங்களுக்குத் தெரியும். நான் தைத்தால்தான் என் அடுப்பு எரியும். யூனியனில் மாதாட்டோ அக்கா என்று ஒருவர் இருக்கிறார், எனக்காக வழக்குப் போட்டிருக்கிறார். வேலை திரும்ப வேண்டும், பிரசவத்துக்கு லீவு வேண்டும், மாசமாக இருப்பவள் ஆஸ்பத்திரிக்குப் போகக் கேட்டால் தடுக்கக் கூடாது. இவ்வளவுதான் கேட்கிறோம்.

அம்மா போன பிறகு எனக்கு எழுத உங்களைத் தவிர ஆள் இல்லை. இதை என் மாமனார் வீட்டில் சொல்லிவிடாதீர்கள். முக்கியமாக மாமியாரிடம்.

உங்கள் முழங்காலை வெயிலில் காட்டுங்கள்.

உங்கள் மருமகள்,
லினேயோ


ஹா லெபேலோ
மார்ச் 9

என் தங்கச்சி மகள் லினேயோவுக்கு,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். முழங்கால் எனக்கு முன்னாலேயே செத்துவிட்டது, அதை இழுத்துக்கொண்டு நான் நடக்கிறேன். பீச் பழம் ஆடுகளுக்கு. ஆடு எனக்கு. கணக்கு சரிதான்.

நான் மூணாவது வரைக்கும் படித்தவன். நாலாவது வாத்தியார் என்னைப் பார்த்ததும் மலையேறி ஓடிவிட்டார். தப்பிருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

மாசமாக இருப்பதில் சந்தோஷம். பிள்ளைக்கு என் மூக்கு வராமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். வேலை போனதில் என் வயிறு எரிகிறது. நான் சுரங்கத்தில் சேரும்போது எங்களை அம்மணமாக வரிசையில் நிறுத்தி, டாக்டர் மார்பில் கை வைத்துப் பார்த்தார். எங்கள் மேல் என்ன அக்கறை என்று சந்தோஷப்பட்டேன். எவன் எத்தனை வண்டி தள்ளுவான் என்று பார்க்கத்தான் அந்தக் கை என்று பிறகு தெரிந்தது. கம்பெனிக்காரன் உன் உடம்பைப் பார்க்கும்போது ஆளைப் பார்ப்பதில்லை. அதனால் நீ எழுந்து போனது சரி. நான் இருந்திருந்தால் மெஷினையும் தூக்கிக்கொண்டு போயிருப்பேன்.

ஆனால் ஒன்று எனக்கு உறுத்துகிறது. ரத்தம் பட்டதை எழுதினாய், மணி அடித்ததை எழுதினாய், நர்ஸ் மருந்து கொடுத்ததை எழுதினாய். பாஸ் தராத அந்த ஆள் பேரை மட்டும் எழுதவில்லை. ஏன்? வாழப்போன வீட்டில் மாமனார் பேர் உன் வாயில் வரக்கூடாது, சரி, நம் வழக்கம். அதற்காக மசேருவில் இருக்கிற ஆம்பிளைகள் எல்லாரும் உன் மாமனாரா? பேரைச் சொல்லு. நான் இங்கே உட்கார்ந்தபடி அவனைத் திட்டவேண்டும். பேர் இல்லாமல் திட்டினால் வாய்க்கு ருசியாக இல்லை.

சோளக் களியோடு கீரையும் சாப்பிடு. ரெண்டு உயிருக்குத் தின்னு.

உன் மாமன்,
போகோ


மசேரு
ஏப்ரல் 2

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? நானும் பிள்ளையும் நலம். இப்போது அசைகிறது. நீங்கள் சொன்னபடி சாப்பிடுகிறேன், கிடைக்கிற நாளில்.

அந்த ஆளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீல மேல்கோட்டு போட்டிருப்பார். நடுவயது. லைனில் நடந்துகொண்டே இருப்பார். அன்றைக்கு நான் கேட்டபோது எல்லாரும் கேட்கும்படி, "நீ ஜிப் தைக்க வந்தியா, புள்ள பெத்துக்க வந்தியா?" என்றார். எனக்குப் பக்கத்து மெஷின்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் போன மாதம் இப்படிக் கேட்டுப் பாஸ் கிடைக்காதவள்தான். எங்கள் லைனில் மாசமாக இருப்பவர்கள் வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். தெரிந்துவிட்டால் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி நிறுத்திவிடுவார்கள்.

போன வாரம் முதல் விசாரணை நடந்தது. நன்றாக நடக்கவில்லை. ஜூலைக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

வேறு செய்தி இல்லை. மழை நின்றுவிட்டது. உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன், டாக்ஸிக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்,
லினேயோ


ஹா லெபேலோ
ஏப்ரல் 25

லினேயோவுக்கு,

தைலம் வந்தது. டாக்ஸிக்காரன் பாதியைத் தன் முதுகில் தடவிக்கொண்டுதான் கொடுத்தான். மீதியில் என் ஒரு முழங்கால் நலம். மற்றது பொறாமைப்படுகிறது.

நீல கோட்டு, நடுவயது, நடந்துகொண்டே இருப்பார். நான் பேரைக் கேட்டால் நீ தையல்காரி மாதிரி கோட்டைப் பற்றி எழுதுகிறாய். நான் கிழவன்தான், முட்டாள் இல்லை.

இப்போது விளையாட்டை நிறுத்திவிட்டு எழுதுகிறேன், கவனமாகப் படி. நேற்று உன் மாமனார் மொஹாபி குதிரையில் வந்தான். கம்பளியைக் கழற்றாமலே உட்கார்ந்தான். கள்ளு ஊற்றிக் கொடுத்தேன், தொடவில்லை. மொஹாபி கள்ளைத் தொடவில்லை என்றால் யாரோ செத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவர்கள் ஊர்ப் பெண் ஒருத்தியும் உங்கள் பேக்டரியில் வேலை செய்கிறாளாம். ஈஸ்டருக்கு வந்தவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். நீ மறைக்கச் சொன்னதெல்லாம் அவர்கள் வீட்டு அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கிறது.

அவள் சொன்னது இது. விசாரணையில், உன்னைத் தடுத்தது யார் என்று விசாரிக்கிற அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அந்த ஆள் எதிரில் உட்கார்ந்து சிரித்தான். அவன் பேரை அவளும் சொல்லவில்லை, சூப்பர்வைசர் என்றுதான் சொன்னாளாம்.

மொஹாபி என்னிடம், "சம்பந்தி, வேலைய புடுங்கின ஆம்பள பேர ஒருத்தி சொல்ல மாட்டேங்கிறான்னா, அவனுக்கும் அவளுக்கும் நடுவுல என்ன இருக்கு?" என்று கேட்டான். உன் மாமியார் அதற்கு மேலே போய்விட்டாளாம். வயிற்றில் இருப்பது யாருடையது என்று கேட்கிறாளாம்.

நான் அவனைக் கேலி பண்ணி அனுப்பிவிட்டேன். உன் சாடை உன் மகனுக்கே வரல, பேரனுக்கு வருமான்னு இப்பவே தேடுறியா என்றேன். அவன் சிரிக்கவில்லை. அவன் போன பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவன் கேட்டதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பேரைச் சொல்லு. எனக்குச் சொல்லாவிட்டால் போகிறது, அந்த அம்மாவிடம் சொல்லு.

உடம்பைப் பார்த்துக்கொள். கோபத்தில் எழுதுகிறேன், அன்பு குறையவில்லை.

போகோ


வெல்கம் சுரங்க விடுதி
மே 11

மதிப்புக்குரிய போகோ மாமா அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். தாங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. அதில் இருப்பதைத் தங்களுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. தங்களுக்கும் தெரிந்திருக்கும்.

லினேயோவுக்கு எழுதிக் கேட்டேன். பிள்ளை நலம், குளிர் அதிகம் என்று பதில் வந்தது. கேட்டதற்குப் பதில் இல்லை. மறுபடியும் எழுதவில்லை. எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது. கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் என்னை விடமாட்டார்கள்.

தாங்கள் அவளை வளர்த்தவர். உண்மையை எழுதுங்கள். நல்லதோ கெட்டதோ, தங்கள் வாயிலிருந்து வந்தால் நம்புவேன்.

தங்கள்,
பொகாங் மொஹாபி


ஹா லெபேலோ
மே 24

யூனியன் மாதாட்டோ அம்மாவுக்கு,

அம்மா நலமா? உங்கள் வீட்டார் நலமா? என்னை உங்களுக்குத் தெரியாது. லினேயோவின் தாய்மாமன். கெட்டவன் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஒரே ஒரு கேள்வி. என் மருமகளுக்குப் பாஸ் தராத அந்த ஆள் யார்? கல்யாணம் ஆனவனா? எந்த ஊர்? பேர் என்ன? அவள் எழுதமாட்டேன் என்கிறாள். அவள் புருஷன் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் உட்கார்ந்து யோசிக்கிறான். அங்கே உட்கார்ந்து யோசிக்கிறவனுக்கு நல்ல யோசனை வராது, எனக்கு அனுபவம் உண்டு. நீங்களும் எதையாவது மறைத்தால் நான் பஸ் ஏறி வந்துவிடுவேன். நான் வந்தால் உங்களுக்குத்தான் தொல்லை.

பதிலை டாக்ஸிக்காரனிடம் ஒட்டிக் கொடுங்கள். ஒட்டாவிட்டால் படிப்பான்.

போகோ


மசேரு
ஜூன் 5

போகோ ஐயாவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

மறைக்க ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் மறைப்பது உங்கள் மருமகள்தான், எங்களிடமும். புகாரில் அந்த ஆளின் பேரை நாங்கள்தான் எழுதினோம். கம்பெனி வக்கீல், அது யூனியன் போட்ட பேர், மூன்று சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள், அந்தப் பெண்ணே யார் என்று சொல்லட்டும் என்றார். லினேயோ சொல்லவில்லை. கையைக் காட்டும்படி கேட்டோம். அதையும் செய்யவில்லை, பெரியவர்களைக் கை நீட்டிக் காட்டக் கூடாது என்பது போல நின்றாள். லைனில் மற்றப் பெண்கள் சாட்சி சொல்ல வந்தால் அவர்களுக்கும் வேலை போகும். ஜூலையிலும் இவள் வாயைத் திறக்காவிட்டால் வழக்கு தள்ளுபடி ஆகும். அது இவளோடு நின்றுவிடாது. அடுத்து மாசமாகிறவள் எவளும் புகார் கொடுக்கத் துணியமாட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், கம்பெனியிடம் ஏதாவது வாங்கிவிட்டாளோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அவளுடைய கிழிந்த காலணியைப் பார்த்தேன், அப்படி இருக்காது என்று தோன்றியது.

அந்த ஆள் கல்யாணமானவர், மாஃபெடெங் பக்கம். பேர் மொஹாபி.

மாதாட்டோ


ஹா லெபேலோ
ஜூன் 14

கழுதை லினேயோவுக்கு,

நீ உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கமாட்டேன். வாயைத் தவிர மற்றதெல்லாம் உயிரோடு இருக்கும்.

உன் மாதாட்டோ அக்கா எழுதிய ஒரு வார்த்தையைப் படித்தேன். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு சிரித்தேன். பிறகு ஆட்டை அவிழ்க்க மறந்துவிட்டேன், அது கத்தியது. மாமனார் பேருள்ளவனா உனக்குக் கிடைக்க வேண்டும்? இந்த நாட்டில் வேறு பேரே கிடையாதா?

பனியில் முழங்காலை இழுத்துக்கொண்டு மறுநாளே மொஹாபி வீட்டுக்குப் போனேன். நம்ம மொஹாபி. சாணி அடுப்பைச் சுற்றி அவனும் உன் மாமியாரும் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் உன் மாமியார், சமாதானம் பேச வந்திருக்கிறார் என்று அடுப்பிடம் சொன்னாள். சமாதானம் இல்லை, துப்பு சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். உங்கள் மருமகள் யாரைக் காப்பாற்றுகிறாள் என்று கண்டுபிடித்துவிட்டேன், ஆள் இந்த ஊர்தான், இந்த வீட்டுக்குள்ளேயே வந்துபோகிறான் என்றேன். மொஹாபி தடியைப் பிடித்தான். நான் கள்ளு கேட்டேன். ஊற்றினான். குடித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தான், பாவம்.

பிறகு சொன்னேன், "அவன் பேரும் மொஹாபிதான்யா. உன் பேர மரியாதையா வாய்க்குள்ள வச்சிருக்கா. அதுக்குத்தான் நீ அவள சந்தேகப்படுற."

மொஹாபி தடியைக் கீழே வைத்தான். உன் மாமியார் அடுப்பைக் கிளறினாள். வெகுநேரம் கிளறினாள், அதில் ஒன்றும் எரியவில்லை.

ஆனால் எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. சந்தேகம் என் சொத்து, லேசில் விடமாட்டேன். காரணத்தை விசாரிக்கிற அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே? நம் நாட்டுப் பெண்தானே அவளும்? மாமனார் பேர், சொல்லமாட்டேன் என்றால் புரிந்திருக்குமே? புருஷனுக்காவது எழுதியிருக்கலாம். நீ இன்னும் எதையோ வைத்துக்கொண்டிருக்கிறாய். இப்போதாவது கொட்டு.

போகோ


மசேரு
ஜூன் 27

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன், பிறகு கழுதை என்று எழுதியிருந்த இடத்தில் சிரித்தேன்.

போன வருஷம் போன பிள்ளையைப் பற்றி உங்களுக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை. குழாயடியில் வழுக்கி விழுந்தேன் என்று எழுதினேன். விழவில்லை.

அப்போது எங்கள் லைனில் ஒரு பெண்ணின் விரலில் ஊசி இறங்கிவிட்டது. மெஷினை நிறுத்தத் தெரியாமல் அலறினாள். சூப்பர்வைசர் தூரத்தில் இருந்தார். நான் யோசிக்காமல் அவர் பேரைச் சொல்லிக் கத்திக் கூப்பிட்டேன். எல்லாருக்கும் கேட்டது. மாமனார் ஊர்ப் பெண்ணின் காதிலும் விழுந்தது, ஊரில் போய்ச் சொல்லிவிட்டாள். அந்த மாதமே பிள்ளை போய்விட்டது. மாமியார் வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, தாத்தா பேர வாய்ல போட்டு மென்னா, பேரன் எப்படித் தங்குவான் என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நான் யாரைக் கூப்பிட்டேன் என்று கேட்கவும் இல்லை.

ஜீன்ஸ் துணிக் கட்டுகளை நான் தூக்கிக்கொண்டிருந்தேன், வலிக்கிறது என்று கேட்டும் ஆஸ்பத்திரிக்கு விடவில்லை. நர்ஸ் அதனால்தான் என்றாள். என் தலைக்கு அது புரிகிறது. ஆனால் விசாரணையில் அந்த அம்மா பேரைக் கேட்கும்போது, உள்ளே பிள்ளை அசைந்துகொண்டிருக்கிறது மாமா. நர்ஸ் சொன்னது சரியாக இருந்து மாமியார் சொன்னதும் சரியாக இருந்துவிட்டால்?

காரணத்தைச் சொன்னால் மாதாட்டோ அக்கா திட்டுவார், வக்கீல் சிரிப்பார். அது போகட்டும். பொகாங்குக்கு எப்படி எழுதுவது, உங்கள் அம்மா என்னைப் பிள்ளையைக் கொன்றவள் என்கிறார் என்று?

வேலையும் வேண்டும், பிள்ளையும் வேண்டும். இரண்டில் ஒன்று என்றால் பிள்ளை. அதனால் ஜூலையில் நான் பேசப்போவதில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

குளிரில் வெளியே போகாதீர்கள்.

லினேயோ


ஹா லெபேலோ
ஜூலை 30

மாப்பிள்ளை பொகாங்குக்கு,

நான் நலம். நீ நலமா? பூமிக்கு அடியில் காற்று வருகிறதா? நீ உண்மை கேட்டு எழுதி ரொம்ப நாளாகிறது. முழு உண்மை இப்போதுதான் கைக்கு வந்தது. பாதியை அனுப்பினால் நீ மீதியை நீயே தைத்துக்கொள்வாய், அதனால் அனுப்பவில்லை.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உன் பெண்டாட்டி ஜெயித்துவிட்டாள். வேலை திரும்பக் கிடைத்தது. பிரசவத்துக்கு லீவு, சம்பளத்தோடு. முடிந்து திரும்பும்போது அதே மெஷின். இனிமேல் அங்கே எவளாவது ஆஸ்பத்திரிக்குப் போகக் கேட்டால் பாஸ் எழுதிக் கொடுக்க வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. தீர்ப்பு திங்கட்கிழமை வந்தது. அவள் வாயைத் திறக்காமல் இருந்த காரணத்தை அவளே தனியாக உனக்கு எழுதுவாள். படித்து முடித்ததும் உன் அம்மா மேல் கோபப்படாதே. அந்தக் கோபத்தை எனக்கு விடு, நான் உன்னைவிட நன்றாகப் பயன்படுத்துவேன்.

இப்போது விசாரணை நாளைச் சொல்கிறேன். லினேயோ கடைசியாக எனக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். உன் அம்மாவும் கேட்டாள். கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனாள். திரும்பி வந்தபோது கையில் உன் அப்பாவின் நல்ல கம்பளி இருந்தது. அதை அவன் மடியில் வைத்து, "போயிட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான் அவள் பேசியது. எனக்கு அதுவே அதிகம் என்று தோன்றியது.

பஸ்ஸில் உன் அப்பா என்னோடு பேசவில்லை. ஜன்னல் பக்கம் யார் உட்காருவது என்பதில் தகராறு.

விசாரணை அறையில் லினேயோ எங்களைப் பார்த்ததும் எழுந்து கதவுப் பக்கம் போனாள், ஓடிவிடுவாளோ என்று நினைத்தேன். அந்த வயிற்றோடு எங்கே ஓடுவது? எதிர்ப்பக்கம் அந்த ஆள், நீல கோட்டைக் கழற்றிவிட்டு டை கட்டியிருந்தான். பக்கத்தில் எல்லைக்கு அந்தப்பக்கத்திலிருந்து வந்த வக்கீல், நம் வழக்கம் தெரியாதவன். விசாரிக்கிற அம்மா நடுவயது, நெற்றியில் கோபம்.

உங்களைத் தடுத்தது யார் என்று கேட்டாள். லினேயோ தரையைப் பார்த்தாள், கை வயிற்றின் மேல். இன்னொரு தடவை கேட்டாள். வக்கீல் பேனாவை மூடினான். வேலை முடிந்தது என்று அர்த்தம்.

உன் அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தான். நீங்கள் யார், உட்காருங்கள் என்றாள் அந்த அம்மா. அவன் உட்காரவில்லை.

"நான் இந்தப் புள்ளையோட மாமனாருங்க. என் பேரு மொஹாபி."

எதிரில் டை கட்டியவன் தலையைத் தூக்கினான். அந்த அம்மா எழுதுவதை நிறுத்தினாள். அவள் கையில் மோதிரம் இருந்தது, அவளும் ஒரு வீட்டுக்கு வாழப்போனவள்தான். லினேயோவைப் பார்த்தாள், உன் அப்பாவைப் பார்த்தாள், பேனாவைக் கீழே வைத்தாள். என்ன நடக்கிறது என்று வக்கீல் மட்டும் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

உன் அப்பா லினேயோவை நேராகப் பார்க்கவில்லை, மரியாதைக்காரன், சுவரைப் பார்த்துப் பேசினான். "என் பேர உனக்குக் குடுத்துட்டேம்மா. எங்கப்பன் எனக்கு நல்ல மனசோட வச்ச பேரு அது. அதச் சொன்னா எந்தப் புள்ளைக்கும் ஒண்ணும் ஆகாது. சொல்லு."

லினேயோவின் உதடு அசைந்தது. கேட்கவில்லை என்றாள் அந்த அம்மா, மெதுவாகத்தான் சொன்னாள். லினேயோ நிமிர்ந்தாள்.

"மொஹாபி. எனக்குப் பாஸ் தராதவர் மொஹாபி. போன வருஷமும் அவர்தான் தரல."

நல்ல குரல் உன் பெண்டாட்டிக்கு. ரெண்டு மொஹாபியும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி நேராக உட்கார்ந்தார்கள்.

அந்த அம்மா டை கட்டியவனிடம் திரும்பினாள். இந்தப் பெண்ணைத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும், என் லைன்தான், சேர்ந்ததிலிருந்தே என் லைன்தான் என்றான். இவள் பேர் என்ன என்று கேட்டாள். அவன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் காகிதத்தைத் தேடினான். காகிதத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள் என்றாள்.

"ஜிப் போடுற பொண்ணு" என்றான் அவன்.

அந்த அம்மா அதை எழுதிக்கொண்டாள். நிதானமாக எழுதினாள். பொகாங், நான் வாழ்க்கையில் எத்தனையோ பேரைக் கேலி பண்ணியிருக்கிறேன், ஒருத்தனையும் அந்த அம்மா எழுதின மாதிரி நான் செய்ததில்லை.

வெளியே வந்து பஸ் நிலையத்தில் உட்கார்ந்தோம். லினேயோ ஒரு பெஞ்சில், நாங்கள் ரெண்டு பேரும் தள்ளி இன்னொரு பெஞ்சில். அவள் சந்தோஷமாக இல்லை. ரெண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு, மூச்சு விடாமல், எதையோ காது கொடுத்துக் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பஸ் ஒன்று வந்தது, போனது. நாங்கள் ஏறவில்லை.

கடைசியில் உன் அப்பா எழுந்து போய் அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். ஒரு மாமனார் கேட்கக் கூடாத கேள்வியை ரோட்டைப் பார்த்தபடி கேட்டான்.

"அசையுதா?"

அவள் கையை வயிற்றில் இன்னும் அழுத்தினாள். அவன் மறுபடியும் கேட்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு அவள் முகம் மாறியது.

"அசையுது. ஒதைக்குது."

உன் அப்பா தலையை ஆட்டினான். நல்ல கம்பளியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான் என்று எழுதினால் என்னை வெட்டிவிடுவான், அதனால் மசேருவில் அன்றைக்குத் தூசி அதிகம் என்று எழுதுகிறேன்.

உன் அம்மா பிரசவத்துக்கு மசேரு வருகிறாள். லினேயோ சரி என்று சொல்லிவிட்டாள். கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள். அது நியாயம்தான்.

நீயும் வா. அப்பனாகப் போகிறவன் கிறிஸ்துமஸ் வரைக்கும் பூமிக்கு அடியில் என்ன பண்ணுகிறாய்? உங்கள் சுரங்கத்தில் போய் லீவு கேள். தரமாட்டேன் என்று எவனாவது சொன்னால், அவன் பேரை எனக்கு எழுது.

உன் பெண்டாட்டியின் மாமன்,
போகோ